சங்கத்துச் செய்தியைப் பார்த்து மருந்தடித்தேன், இப்போது பயிர் புகைகிறது

கேள்வி: மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். மூன்று ஏக்கரில் ஆந்திரா பொன்னி, சம்பா நடவு. நட்டு 70 நாள் ஆகிறது, கதிர் உறைக்குள் திரண்டு பொதி கட்டும் நேரம். பன்னிரண்டு நாளுக்கு முன்பு நம் உழவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ‘புகையான் வந்துவிட்டது, உறுப்பினர்கள் உடனே மருந்தடிக்கவும்’ என்று மருந்துப் பெயரோடு செய்தி வந்தது. நெல்லின் அடித்தண்டில் சாறு குடித்துப் பயிரைக் காயவைக்கும் பூச்சிதான் புகையான்; என் வயலில் அப்போது ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக லாம்ப்டா சைஹாலோத்ரினையும் கடையில் கொடுத்த ஒரு டானிக்கையும் கலந்து மூன்று ஏக்கருக்கும் அடித்துவிட்டேன். இப்போது நடு வயலில் கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு இரண்டு இடத்தில் பயிர் வட்டமாகப் புகைந்து, அதாவது தீய்ந்ததுபோல் காய்ந்து, நிற்கிறது. நாலு மருந்தைச் சேர்த்துத் தருகிறேன், ட்ரோன் வைத்து அடித்துவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா? எந்த மருந்துக்கு வீரியம் அதிகம்?

பதில்: அந்த நாலு மருந்துக் கலவையை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். பில்லே தரவில்லை என்றால் அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று மாலைக்குள் ஒரு வேலை செய்யுங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்குங்கள். காய்ந்த வட்டத்துக்குள் நின்று தேடிப் பயனில்லை; அங்கே சாறு தீர்ந்ததுமே பூச்சி பக்கத்துக் குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட நெல் கொத்து) போயிருக்கும். வட்டத்தின் ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளி, பச்சையாக நிற்கும் குத்தைச் சாய்த்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நாலு விரற்கடைக்குள் பாருங்கள். குத்தை உள்ளங்கையால் தட்டினால் தண்ணீரில் விழும். மூலைக்கு மூலை நடந்து இருபது குத்து எண்ணுங்கள். பூச்சி எத்தனை, தூர் (குத்தில் கிளைத்த தண்டு) எத்தனை, பூச்சியைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை பூச்சி வந்தால் மருந்தடிக்கலாம் என்ற வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி. குத்துக்குப் பதினைந்து தூர் என்று வைத்துக்கொண்டால், சிலந்தி இருக்கும் வயலில் குத்துக்கு முப்பது பூச்சியைத் தொட்டால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டும். இருபத்தைந்து பூச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா கரையேற யாருக்கும் மனசு வராது. அந்த மனசை வைத்துத்தான் கடைகள் நடக்கின்றன.

உங்கள் வயலில் இப்போது சிலந்தி இருக்காது என்று நினைக்கிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன்பு நீங்களே கொன்றுவிட்டீர்கள். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் கீறி வைக்கிறது; மேலே தெளிக்கும் மருந்து அங்கே போகாது. நீங்கள் அடித்த லாம்ப்டா சைஹாலோத்ரின் பைரித்ராய்டு வகை மருந்து; அது ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தியையும் புகையான் முட்டையைக் குத்திக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப் பூச்சியையும் ஒரே நாளில் காலி செய்திருக்கும். (அந்த மிரிட் பூச்சியைப் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து அதற்குத் தனியாக மருந்து வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.) ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்தபோது வீட்டில் காவலுக்கு ஆள் இல்லை. நெல்லில் சின்தெடிக் பைரித்ராய்டு, குயினால்பாஸ் போன்றவற்றை அடித்தால் புகையான் அடங்குவதற்குப் பதில் பெருகும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே குயினால்பாஸ் எழுதிக் கொடுத்து ஒரு வயல்காரரின் அரை ஏக்கரைப் புகைய வைத்திருக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் வேறு ஆளிடம் கேட்டுக்கொண்டார்.

ஆகவே உங்களுக்குத் தூருக்கு ஒன்று என்ற கடுமையான கணக்குதான். எண்ணிக்கை அதைத் தாண்டியிருந்தால் பைமெட்ரோசின் 50 சதம் ஏக்கருக்கு 120 கிராம், அல்லது டிரைஃப்ளுமெசோபைரிம் 10 சதம் ஏக்கருக்கு 94 மில்லி. இரண்டில் ஒன்று. டானிக், சோப்பு, பூஞ்சாண மருந்து எதுவும் கூடச் சேரக் கூடாது. 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கைத்தெளிப்பானின் குழாயைக் குத்துகளுக்கு நடுவே இறக்கித் தூரடி நனைய அடிக்க வேண்டும். வட்டத்தைச் சுற்றி மட்டும்தான் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால் வட்டத்தையும் அதைச் சுற்றிப் பத்தடியையும் மட்டும் அடியுங்கள். மீதி வயலில் தப்பிய சிலந்தியாவது பிழைக்கட்டும். பைமெட்ரோசின் அடித்தால் மறுநாளே பூச்சி செத்து மிதக்கவில்லையே என்று பதறாதீர்கள். அது சாறு குடிப்பதை நிறுத்தும் மருந்து. பூச்சி குத்திலேயே உட்கார்ந்து பட்டினியில் சாகும். இந்தப் பதற்றத்தில்தான் பலர் மூன்றாம் நாளே அடுத்த மருந்துக்குப் போகிறார்கள்.

ட்ரோன் வேண்டாம். ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் மேலிருந்து தூவுகிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு அது சரிப்படலாம். பொதி கட்டிய, மூடிக்கொண்ட பயிரின் தூரடியில் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு அந்தத் தூறல் எவ்வளவு போய்ச் சேரும்? ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மையான கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பூச்சிக்கு அந்தக் குறுக்கு வழி பணத்துக்குக் கேடு.

மருந்துக்கு முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். மூன்று நாலு நாள் தூரடி காய வேண்டும். மார்கழியில் வடிகால் நிரம்பி நிற்கும்போது நான் எங்கே வடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் தண்ணீர் அடுத்தவர் வயல் வழியாகத்தான் போக வேண்டும், அவர் வயலும் புகைந்துகொண்டிருக்கும். இதைத் தனி ஆள் தீர்க்க முடியாது. வடிகால் வாயில் அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை நாலு பேர் சேர்ந்து ஒரு காலைப் பொழுதில் எடுத்தால் தீரும். சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான். நம் குழுவில் இந்த மாதம் வடிகாலைப் பற்றி ஒரு செய்திகூட நான் பார்க்கவில்லை.

கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று: கடைசியாக யூரியா எப்போது போட்டீர்கள்? அந்த இரண்டு வட்டமும் விழுந்த இடம் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்து வயல் பச்சையைப் பார்த்து அரை மூட்டை கூடப் போடுவது நம் ஊர் வழக்கம். புகையானுக்கு அது விருந்து. இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டை கையில் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் எத்தனை பேர்? இனி இந்தப் போகத்துக்கு யூரியா வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்தது. கேட்டிருக்க வேண்டியது வேறு. ‘வயலில் ஒன்றும் தெரியவில்லை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரியாத பூச்சிக்கு ஏன் அடித்தீர்கள்? செய்தி வந்தது, அதனால் அடித்தீர்கள். அந்தச் செய்தியில் எந்த ஊர் வயல், என்ன ரகம், நட்டு எத்தனை நாள், குத்துக்கு எத்தனை பூச்சி, எந்தத் தேதியில் பார்த்தது, ஒன்றுமே இல்லை. மருந்துப் பெயர் மட்டும் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். அது எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிக் கேட்டுப் பார்த்தேன். மூன்று குழு தாண்டி, மருந்து விற்பவர் ஒருவரின் கைப்பேசியில் போய் நின்றது.

சங்கத்துச் செய்தி என்றால் என்ன என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, பல கூட்டங்களில் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். சங்கம் மருந்துப் பெயரை அனுப்பக் கூடாது. எண்ணிக்கையை அனுப்ப வேண்டும். நூறு உறுப்பினரில் ஊருக்கு இரண்டு பேர் வாரம் ஒருநாள் இருபது குத்து எண்ணிக் குழுவில் போட்டால் போதும்: ‘இன்ன ஊர், ஆந்திரா பொன்னி, 62 நாள், குத்துக்கு எட்டுப் பூச்சி, இரண்டு சிலந்தி.’ அடுத்த வாரம் அதே வயல், அதே இருபது குத்து. எட்டு பதினாறு ஆகிறதா, ஐந்தாகக் குறைகிறதா என்பதைக் கண் முன்னால் பார்க்கலாம். இரவில் வெளிச்சம் காட்டிப் பூச்சியை இழுக்கும் விளக்குப் பொறி ஊருக்கு ஒன்று வைத்தால் இறக்கை நீண்ட தாய்ப்பூச்சி வந்திறங்கும் இரவே தெரிந்துவிடும். வட்டம் விழுவதற்கு வாரக்கணக்கில் முன்பே கிடைக்கும் செய்தி அது. எந்தக் கடையாலும் இதை விற்க முடியாது.

இது என் சொந்தக் கற்பனையும் இல்லை. இந்தோனேசியாவில் எழுபது, எண்பதுகளில் புகையானுக்கு மருந்தடித்து மருந்தடித்தே புகையானை வளர்த்தார்கள். மருந்துக்கு அரசே மானியம் கொடுத்தது. 1986-ல் அதே அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. அதற்குப் பிறகு உழவர் வயல்வெளிப் பள்ளி என்று ஆரம்பித்தார்கள். இருபத்தைந்து பேர் வாரம் ஒருநாள் வயலில் இறங்கி எண்ணி, எண்ணியதைத் தாளில் வரைந்து, இந்த வாரம் அடிப்பதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்வதுதான் பாடம். பிறகு அது பல நாடுகளுக்குப் போனது, நம் நாட்டுக்கும் வந்தது. நாம் அதைப் பயிற்சிக்கு வந்தால் பையும் சாப்பாடும் கிடைக்கும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இனி கடைக்காரர். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கடனுக்குக் கொடுக்கிறார், ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறக்கிறார், நம்மில் பலர் அவரால்தான் சாகுபடியே செய்கிறோம். ஆனால் வயலைப் பார்க்காமல் நாலு புட்டியை எடுத்து வைப்பவரிடம் யோசனை கேட்பது தவறு. பூச்சிமருந்துச் சட்டம் 1968 என்று ஒன்று இருக்கிறது. பில் கேட்பது உங்கள் உரிமை. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய மருந்தால் பயிர் போனால் நீங்கள் எந்த அதிகாரியிடமும் போய் நிற்க முடியாது. கடன் வாங்குகிறோம், பில் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுவீர்கள். கடன் பில் என்றும் ஒன்று உண்டு. அந்த டானிக்கைப் பற்றி ஒரே வார்த்தை: அதற்குக் கொடுத்த காசில் பொட்டாஷ் வாங்கியிருக்கலாம்.

சந்தேகம் வந்தால் கேட்க இடம் இருக்கிறது. நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். புகைந்த குத்து ஒன்றை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். போக முடியாவிட்டால் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, தமிழிலேயே பேசலாம், காசில்லை. அங்கேயும் எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். ‘புகையான் இருக்கு, என்ன அடிக்கலாம்’ என்று கேட்டால் அவர்களும் ஒரு மருந்துப் பெயரைத்தான் சொல்ல முடியும்.

அடுத்த சம்பாவுக்கு எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடுங்கள். இப்போது அதைப் பேசி உங்கள் வட்டம் சுருங்கப் போவதில்லை. நாளைக் காலைக்குள் இருபது குத்தின் கணக்கு எனக்கு வர வேண்டும். சங்கக் குழுவிலேயே போடுங்கள், ஊர், ரகம், நாள் கணக்கோடு. மருந்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.