ஆச்சி முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆயிட்டுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, பாளையங்கோட்டையில எடுத்த ஆச்சி படத்துல சுருக்கத்தைக் குறைக்கப்போயி முகமே வழவழன்னு ஆயிட்டுன்னு எழுதியிருந்தீங்க. முழு முகத்துக்கும் காஸியன் பிளர், அதாவது படத்தை மங்கலாக்குற ஃபில்டர், போட்டதுதான் காரணம். சுருக்கத்தோட தோலோட நுண்துளையையும் சேர்த்து அழிச்சிரும்.

போட்டோஷாப்ல படத்துக்கு மேல ஒரு வெற்று லேயர், அதாவது கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கு, போடுங்க. ஹீலிங் பிரஷ்ல, அதான் பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டுற பிரஷ்ல, சாம்பிளை ‘கரன்ட் அண்ட் பிலோ’ன்னு வைங்க. தூசிப்புள்ளி, பரு இதை மட்டும் முழுசா எடுங்க. கண்ணுக்குக் கீழ உள்ள கோட்டைத் தனி லேயர்ல எடுத்து, அந்த லேயரோட ஒப்பாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அழுத்தமாத் தெரியணும்ங்கிற அளவை, 40 சதவீதத்துக்கு இறக்குங்க. கோடு இருக்கும், ஆழம் குறையும்.

பாம்படம்ங்கிற கனமான காதணி போட்டு இறங்கின அந்தக் காதை மட்டும் தயவுசெஞ்சு தொடாதீங்க. எங்க ஆச்சி படத்துல ஸ்டூடியோக்காரர் அதைத் தூக்கி ‘சரி’ பண்ணிட்டாரு. அம்மா அந்தப் படத்தைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, “இது யாரு?”ன்னு கேட்டா.