"அதுவாகப் போகட்டும்" என்று விட்டுவிடலாமா?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் கருப்பனுக்கு வயது 13. தோட்டத்துச் சாளையிலேயே பிறந்து வளர்ந்த நாட்டு நாய். இரண்டு மாதமாகச் சிறுநீரகம் செயலிழந்து வருகிறது. கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 8-க்கு மேல் இருந்தது. நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் வாந்தி நிற்கவில்லை. திண்ணையை விட்டு நகராதவன் இப்போது கட்டுத்தரைக்குப் பின்னால் ஈரமண்ணில் போய்ப் படுத்துக்கொள்கிறான். கூப்பிட்டால் வாலை மட்டும் ஒரு முறை ஆட்டுகிறான். மருத்துவர் இரண்டு முறை "ஊசி போட்டு விட்டுடலாமுங்க" என்று சொல்லிவிட்டார். மாமனாரோ, "வாயில்லாச் சீவன் அம்மிணி, ஊசி போட்டுக் கொன்னா அந்தப் பாவம் நம்மளச் சும்மா உடாது, அதுவாப் போகட்டும்" என்கிறார். கோவையில் படிக்கும் மகள் தேர்வு முடிந்து வரப் பத்து நாள் ஆகும். அதுவரை வைத்திருக்கலாமா? ஊசி போட்டால் வலிக்குமா? நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் அந்த வாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் நாட்களைத் தள்ளிப்போடுகிறார்கள். நாய் வாலை ஆட்டுவது உங்களைக் கண்டதற்காக. உடம்பு தேறிவிட்டது என்பதற்காக அன்று. என் மேசையில் கடைசி ஊசிக்காகக் கிடத்தப்பட்ட நாய்களும் வீட்டுக்காரரின் குரலைக் கேட்டு வாலை ஆட்டியிருக்கின்றன. ஆகவே வாலை விட்டுவிட்டு, அவன் தின்கிறானா, தண்ணீரை வாயில் வைத்தால் தங்குகிறதா, தானாக எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறானா, இரவில் தூங்குகிறானா என்பவற்றைப் பாருங்கள்.

உங்கள் மாமனாரின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். உழவுக்கு ஆகாத கிழட்டு மயிலைக் காளையைச் சந்தைக்கு ஓட்டாமல், சாகும்வரை தீவனம் போட்டு, காட்டிலேயே குழி வெட்டிப் புதைத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு; அவருடைய பேச்சும் அந்த மனத்திலிருந்து வருவதுதான். ஆனால் "அதுவாகப் போவது" என்று அவர் நினைப்பதும் சிறுநீரகம் கெட்ட நாய்க்கு உண்மையில் நடப்பதும் வேறு வேறு. வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தேங்குவதால் ஓயாத குமட்டல் இருக்கும். ஈறிலும் நாக்கிலும் புண் வந்து, வாயில் மூத்திர வாடை அடிக்கும். பசித்தாலும் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முடிவில் சில நாய்களுக்கு வலிப்பும் வரும். இது ஓர் இரவில் முடிகிற காரியமன்று, பல நாட்கள் இழுக்கும். அந்தக் காலத்து நாய்கள் கடைசி நாட்களில் வேலியோரமோ பள்ளத்துப் பக்கமோ ஒதுங்கிவிடும். பெரியவர்கள் பெரும்பாலும் பார்த்தது செத்துக் கிடந்த நாயைத்தான். அது செத்துக்கொண்டிருந்த மூன்று நாட்களை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

பாவம் என்ற சொல்லுக்கு நான் மருத்துவனாகப் பதில் சொல்ல முடியாது. காந்தியடிகளுக்கு நேர்ந்ததை வேண்டுமானால் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று மீளமுடியாத வேதனையில் கிடந்தபோது, அவர் ஆசிரமத்தாருடன் கலந்து பேசியபின் மருத்துவரை வைத்து ஊசி போட்டு அதன் உயிரைப் பிரியச் செய்தார். கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. வேறெந்த வழியிலும் தீராத துன்பத்தைத் தீர்ப்பதற்காகச் செய்தது அகிம்சைக்கு முரணாகாது என்று அவர் தம் பத்திரிகையில் எழுதினார். அகிம்சையையே வாழ்க்கையாகக் கொண்டவர் எடுத்த முடிவு என்பதால், என் சொல்லைவிட அது உங்கள் வீட்டில் எடுபடலாம்.

கிரியேட்டினின் 8 என்பதும், நான்கு நாள் டிரிப்ஸுக்குப் பிறகும் வாந்தி நிற்கவில்லை என்பதும் சேர்ந்தால், பத்து நாள் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோவைக்கும் கோபிக்கும் இடையில் அரை நாள் பயணம்கூட இல்லை. மகளை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வந்துபோகச் சொல்லுங்கள். அதுவரை வாந்தியை அடக்கும் ஊசியைத் தொடரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வோர் இரவும் "நல்ல நாள்" அல்லது "கெட்ட நாள்" என்று ஒரே ஒரு சொல் எழுதி வைத்து, மாமனாரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வலி, பசி, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை என்று ஏழு தலைப்புகளில் மதிப்பெண் போடும் முறையொன்றை வகுத்திருக்கிறார். அதன் கடைசித் தலைப்பைத்தான் நான் காலண்டர் தாளுக்கு மாற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வலிப்பு வந்துவிட்டால், மகளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வலியைப் பற்றி. முதலில் தசையில் மயக்க ஊசி போடப்படும். குத்துவது மட்டும் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவன் தலையைச் சாய்த்த பிறகு, முன்னங்காலில் சிறிது மயிரை மழித்து நரம்பில் ஊசிக்குழாய் செருகி, தயோபென்டோன் அல்லது பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை அளவுக்கு மீறிச் செலுத்துவார்கள். சில நொடிகளில் நினைவும், அடுத்துச் சுவாசமும், பின்னர் இதயமும் நின்றுவிடும். கண் மூடாது, உடம்பு லேசாகத் துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம், ஓரிரு பெருமூச்சுகூட வரலாம். இவை நினைவு போன பிறகு நடப்பவை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு தோட்டத்தில், பொழுது சாய்கிறதே என்ற அவசரத்தில் முதல் மயக்க ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக நரம்பைத் தேடினேன். வயதான நாயின் வற்றிய நரம்பு நழுவிக்கொண்டே போயிற்று. மூன்றாவது குத்தில் அது என்னைக் கடிக்கவில்லை. திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தது. அன்றிலிருந்து மயக்க ஊசி இல்லாமல் இந்த வேலைக்கு நான் பெட்டியைத் திறந்ததில்லை. உங்கள் மருத்துவரிடமும் "முதலில் மயக்கத்துக்குப் போடுவீர்களா?" என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து காதோரம் பேசிக்கொண்டிருக்கலாம். பார்க்க முடியாது என்றால் மயங்கியபின் எழுந்து போவதிலும் தவறில்லை. மயங்கும்வரையாவது இருங்கள்.

கேள்வி: பூனைக்குப் புற்றுநோய். அடுத்த வாரம் ஊசி போட முடிவு செய்திருக்கிறோம். எட்டு வயது மகனிடம் "தூங்க வைக்கப் போகிறோம்" என்று சொல்லலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அந்தச் சொல்லை மட்டும் வேண்டாம். அன்று இரவு அவனும் தூங்கப் போக வேண்டும். அடுத்த காய்ச்சலுக்கு அவனுக்கும் ஊசி போட வேண்டிவரும். "நோய் இனிக் குணமாகாது, வலி கூடிக்கொண்டே போகும், வலியில்லாமல் இறந்துபோக மருத்துவர் உதவப் போகிறார்" என்று, இறப்பு என்ற சொல்லை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லிவிட்டால் மடியில் வைத்துத் தடவிக்கொடுக்க அவனுக்கு ஒரு மாலைப்பொழுது கிடைக்கும். பூனையைக் காட்டில் விட்டுவிட்டோம், அதுவாகப் போய்விட்டது என்றெல்லாம் கதை சொன்னால், அவன் பல மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கேள்வி: பின்னங்கால் விழுந்துபோன எங்கள் நாய்க்கு ஊசி போடச் செலவு ஏன், தோட்டத்து மருந்தைச் சோற்றில் கலந்து வைத்துவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். புதைப்பதற்கு ஏதேனும் விதி உண்டா?
- ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: பூச்சிமருந்து தின்ற நாய் நுரை தள்ளி, வெட்டி இழுத்து, நினைவோடு மூச்சுத் திணறித்தான் சாகும். தேவையற்ற கொடுமையான முறையில் விலங்கைக் கொல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். செலவுதான் தடை என்றால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பின்னங்கால் விழுந்ததற்கே முடிவு கட்டவும் வேண்டாம்; முதுகுத்தண்டில் அடிபட்ட சில நாய்கள் மருந்திலும் ஓய்விலும் எழுந்து நடந்துவிடுகின்றன.

புதைப்பது உங்கள் ஊருக்கு மிக முக்கியமான கேள்வி. ஊசியில் போன மருந்து செத்த உடம்பில் நெடுநாள் அழியாமல் இருக்கும். தோண்டித் தின்கிற நரியும் ஊர் நாயும் அதனால் சாகக்கூடும். உங்களுக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் செத்த விலங்குகளைத் தின்று வாழும் தமிழ்நாட்டின் பாறு கழுகுகள் மிச்சமிருக்கின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி ஊசியால், அந்த மாட்டின் பிணத்தைத் தின்று இந்தியாவெங்கும் அவை செத்து விழுந்து, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்ய வேண்டிவந்தது நினைவிருக்கலாம். ஆகவே உடம்பை ஓடையிலோ காட்டோரத்திலோ வீசக் கூடாது. கிணற்றையும் வாய்க்காலையும் விட்டுத் தள்ளி நான்கடிக்குக் குறையாத குழி வெட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய வேட்டியில் சுற்றி வைத்து, மண்ணை மூடி, மேலே கனமான கற்களைப் பரப்புங்கள். குழியை முதல் நாளே வெட்டி வையுங்கள். அழுதுகொண்டு வெட்டுகிறவர்கள் இரண்டடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.