தொடக்ககால ஜெட் போர் விமானங்களின் டைகாஸ்ட் மாடல்கள்: கேள்வி பதில்

கேள்வி: புதிதாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1/72 நல்லதா, 1/48 நல்லதா?

பதில்: முதலில் அலமாரியின் ஆழத்தை அளந்து பாருங்கள். 1/72 ஸ்கேலில், அதாவது நிஜ அளவில் 72இல் ஒரு பங்கில், சோவியத் மிக்-15 இறக்கை நுனிக்கு நுனி 14 செ.மீ., அமெரிக்க F-86 சேபர் சுமார் 15.7, ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் மி 262 சுமார் 17.4. 1/48இல் இவையே 21, 23.6, 26 செ.மீ. ஆகிவிடும். ஹாபி மாஸ்டர், கோர்கி என்ற இரண்டு மாடல் நிறுவனங்களும் அதிகம் வெளியிட்டிருப்பது 1/72இல்தான். அதனால் நான் அதையே சொல்வேன். பிராங்க்ளின் மின்ட்டின் ஆர்மர் வரிசை பிடித்திருந்தால் 1/48. எதை எடுத்தாலும் அந்த ஒன்றிலேயே நில்லுங்கள். சேபரையும் மிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவை ஒப்பிட முடியாவிட்டால் இந்தச் சேகரிப்பில் பாதிச் சுவை போய்விடும்.

கேள்வி: என்னிடம் இரண்டு F-86F இருக்கின்றன. ஒன்றில் இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் (நகரும் மடல்) இருக்கிறது, மற்றதில் இல்லை. எது தவறு?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். தொடக்க F வகைகளில் தானாகத் திறந்து மூடும் ஸ்லாட் உண்டு. 1952இல் ‘6-3’ இறக்கை வந்தது: முன்விளிம்பை உடலருகே 6 அங்குலமும் நுனியருகே 3 அங்குலமும் நீட்டி, ஸ்லாட்டை எடுத்துவிட்டு, இறக்கை மேல் ஒரு சிறு தடுப்புத் தகடு வைத்தார்கள். கொரியாவில் இருந்த பழைய விமானங்கள் சிலவற்றையும் இப்படி மாற்றினார்கள். பின்னால் வந்த F-86F-40 வகையில் இறக்கை நுனிகள் நீண்டன, ஸ்லாட்டும் திரும்பி வந்தது. ஆகவே பெட்டியில் ‘F’ என்று இருந்தால் மட்டும் போதாது. வாலில் உள்ள தொடர் எண்ணையும், அந்த விமானம் எந்த மாதத்தில் எப்படி இருந்தது என்பதையும் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

படைப்பிரிவுக்கு வாலைப் பாருங்கள். கறுப்பு ஓரமிட்ட மஞ்சள் பட்டை என்றால் கொரியப் போரில் பறந்த அமெரிக்க விமானப்படையின் 4ஆவது விங் (படைப்பிரிவு), கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் 51ஆவது. உடலிலும் இறக்கையிலும் உள்ள மஞ்சள் பட்டை இரண்டுக்கும் பொது, அதை வைத்துப் பிரிக்க முடியாது.

கேள்வி: பேனல் கோடுகள் ஆழமாக இருந்தால் தரமான மாடல் என்கிறார்களே?

பதில்: இந்தக் காலத்து விமானங்களுக்கு அது பொருந்தாது. பிரிட்டிஷ் ஜெட்டான வாம்பயரின் முன் உடல் பால்சா மரத்தை இருபுறமும் ஒட்டுப்பலகை வைத்து அழுத்திச் செய்தது. அங்கே உலோகத் தகட்டு இணைப்புக் கோடுகள் ஓடினால் அச்சு வடித்தவர் விமானத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். மி 262இல் தகட்டு இடுக்குகளைப் புட்டி வைத்து நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தார்கள். தொடக்க அமெரிக்க P-80 ஜெட்களும் அப்படியே நிரப்பி வெளிர் சாம்பல் பூசியவை. 1/72இல் அரை மில்லிமீட்டர் பள்ளம் என்றால் நிஜத்தில் 3.6 செ.மீ. இடைவெளி! கோடுகளை விட்டுவிட்டு மூக்கின் வளைவையும் கேனபியின் (விமானி மேல் உள்ள கண்ணாடி மூடியின்) உயரத்தையும் பாருங்கள். அவை தவறினால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

கேள்வி: பழைய மாடல் ஒன்றின் இறக்கையில் மயிரிழை போல விரிசல்கள். நுனியும் தொங்குகிறது. ஒட்டிச் சரிசெய்யலாமா ஐயா?

பதில்: முடியாது. இது துத்தநாக நோய். டைகாஸ்டுக்கு, அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்ப்பதற்கு, வழக்கமான ஜமாக் 3 கலவை என்பது துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீத அலுமினியம். அதில் ஈயம் 0.005 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வார்ப்புப் பட்டறையில் ஈயமோ வெள்ளீயமோ காட்மியமோ சிறிது கலந்துவிட்டாலும் உலோகத் துகள்களின் எல்லைகளில் அரிப்பு தொடங்கி, உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, கடைசியில் பொடியாகும். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும்.

மற்ற மாடல்களுக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம். வளைவை நிமிர்த்தப் பார்த்தால் உடையும். விரிசலில் ஊற்றும் பசை உள்ளே நடக்கும் அரிப்பை நிறுத்தாது. உலர்ந்த இடத்தில் அசையாமல் வையுங்கள், அவ்வளவுதான் செய்ய முடியும். பழையதை வாங்கும்போது இறக்கையும் உடலும் சேரும் இடம், திருகு ஓட்டைகளைச் சுற்றிய பகுதி, வயிற்றுப் பக்கம் மூன்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் கீறலும் விரிசலாகத் தெரியும். ஆனால் அது கிளைவிடாது. கிளைவிட்டுப் பரவியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சக்கரக் கால் ஓட்டையில் இறங்க மறுக்கிறது.

பதில்: அழுத்தாதீர்கள், கால் முளையோடு ஒடியும். பெரும்பாலும் ஓட்டைக்குள் பெயின்ட் திரண்டிருக்கும், அல்லது அச்சுப் பிசிறு முளையில் ஒட்டியிருக்கும். கூர்மையான கத்தியால் பிசிறை எடுங்கள். பிறகு 600 எண் உப்புத்தாளால் முளையை இரண்டு மூன்று முறை தேய்த்து, ஒவ்வொரு முறையும் பொருத்திப் பாருங்கள். ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்க வேண்டாம். பிறகு கால் ஆடும், மூடு கதவும் நிற்காது.

கேள்வி: சூப்பர் குளூ போட்டதும் கேனபி உள்ளே வெண்மையாகப் படர்ந்துவிட்டது.

பதில்: அந்தப் பசையின் ஆவி ஈரத்தில் உறைந்து படிந்திருக்கிறது. கேனபியைக் கழற்ற முடிந்தால் மிக நுண்ணிய பாலிஷ் கொண்டு தேய்த்து எடுக்கலாம். இனிக் கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசை மட்டும். குச்சி நுனியால் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். வழிந்தாலும் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

கேள்வி: பெட்டியிலேயே வைத்திருந்தும் பெயின்ட்டில் குமிழ் வந்தது எப்படி?

பதில்: பெட்டியில் வைத்ததால்தான். மாடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஈரத்தைப் பூச்சோடு பிடித்து வைக்கிறது. அதை எடுத்துவிட்டு, அமிலமற்ற டிஷ்யூ வைத்து, சிலிகா ஜெல் போடுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மென்மையான வினைல் ஸ்டாண்டிலும் வருடக்கணக்கில் அப்படியே விட வேண்டாம். வினைலை மென்மையாக்கும் எண்ணெய் பூச்சுக்குள் இறங்கித் தடம் விடும்.

தூசிக்கு மென்மையான ஒப்பனைத் தூரிகையும் காற்றூதியும் போதும். ஆல்கஹால் தொடவே வேண்டாம், அச்சிட்ட எண்களும் சின்னங்களும் கரைந்து வரும். மைக்ரோஃபைபர் துணி பிட்டோ குழாயில் (வேகம் அளக்க வெளியே நீண்டிருக்கும் மெல்லிய குழாய்) மாட்டி அதை முறித்துவிடும்.

கேள்வி: மி 262இன் வாலில் ஸ்வஸ்திகா இல்லை. போலியா?

பதில்: இல்லை. ஜெர்மனி போன்ற நாடுகளின் சட்டத்தால் பலர் அதை அச்சிடுவதில்லை.

கேள்வி: வட கொரிய அடையாளத்தில் 2057 என்ற எண்ணோடு ஒரு மிக்-15 வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக, எண் நிஜமானது. 1953 செப்டம்பர் 21 அன்று வட கொரிய விமானி நோ கும்-சோக் தப்பி வந்து தென் கொரியாவின் கிம்போ தளத்தில் இறக்கிய மிக்-15பிஸ் (மிக்-15இன் மேம்பட்ட வகை) அது. அசல் விமானம் அமெரிக்காவின் டேட்டன் நகரில் அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படங்கள் ஏராளமாகக் கிடைக்கும் என்பதால் எண்ணின் அளவையும் நிறத்தையும் வரிக்கு வரி சரிபார்க்கலாம். படம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கர்கள் சோதனைக்காகப் பறக்கவிட்டபோது அதில் அமெரிக்கச் சின்னம் இருந்தது. அந்தக் காலப் படத்தை வைத்து மாடலைத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள்.