மேட்டில் ஏறும்போது நெஞ்சு அடைக்கிறதா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன், வயது 44. ஞாயிறு காலையில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஓடுவோம். 2020 மார்ச்சோடு நின்றுபோனது. வரும் 2022 ஜனவரி முதல் ஞாயிறு மறுபடி தொடங்கலாம் என்று இருக்கிறோம். பாதிப் பேருக்குக் கொரோனா வந்து போய்விட்டது. எனக்கு 2021 மே மாதம் வந்தது. இன்னும் முடி கொட்டுகிறது, நாடித் துடிப்பு 62 இருந்தது 74 ஆகிவிட்டது, ஆக்சிமீட்டர் சில காலையில் 96 காட்டுகிறது. முகக்கவசத்தோடு ஓடலாமா? தடுப்பூசி போட்டவர்கள் ஓடினால் மாரடைப்பு வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? ரத்தம் உறையாமல் இருக்க எல்லோரும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் பரிசோதனை பார்க்க வேண்டுமா? கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மாரடைப்பில் இறந்ததிலிருந்து வீட்டில் ஓட விடமாட்டேன் என்கிறார்கள். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவருக்கு (வயது 52, மே மாதம் ஆக்சிஜன் வைத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்) மேட்டில் ஏறும்போது மட்டும் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறதாம். கேஸ் மாத்திரை போட்டால் சரியாகிவிடுகிறது என்கிறார். மற்றபடி எல்லோரும் நலம்.
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மற்றபடி எல்லோரும் நலம் என்று முடித்திருக்கிறீர்கள் சார். அதற்கு முந்தைய வரியில் இருக்கும் அண்ணன் நலமாக இல்லை. முடி, நாடி, ஆக்சிமீட்டர் எல்லாவற்றையும் முன்னால் எழுதிவிட்டு அவரைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்னிடம் நெஞ்சு வலி என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் கையைத்தான். சிலர் ஒரு விரலால் இந்த இடம் என்று தொட்டுக் காட்டுவார்கள், அழுத்தினால் வலிக்கும் என்பார்கள். பெரும்பாலும் அது விலா எலும்போ தசையோதான். வேறு சிலர் விரலால் காட்டமாட்டார்கள். கையை இறுக மூடி நடு நெஞ்சில் வைத்து, "வலி எல்லாம் இல்லை டாக்டர், ஒரு மாதிரி அடைக்குது" என்பார்கள். அந்தக் கையைப் பார்த்தால் நான் அடுத்த கேள்வி ஒன்றுதான் கேட்பேன்: எப்போது வருகிறது, எப்போது போகிறது? நடக்கும்போதும் ஏறும்போதும் வந்து, நின்றால் போகிறது என்றால், கேஸ் என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

வயிற்று வாயுவுக்கு மேடும் சமவெளியும் தெரியாது. சாப்பிட்ட பிறகு வரும், படுத்தால் வரும். வேகமாக ஏறும்போது மட்டும் வந்து, நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுப்போவது இதயம். அண்ணன் மேட்டில் நிற்கிறார், பையிலிருந்து மாத்திரையை எடுக்கிறார், தண்ணீர் குடிக்கிறார், ஒரு ஏப்பம் வருகிறது, நெஞ்சு லேசாகிறது. லேசானது அவர் நின்றதால். பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. இப்படி மாதக்கணக்கில் மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு நாள் விடியற்காலையில் 108-ல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலரைக் காப்பாற்ற முடிந்தது, சிலரை முடியவில்லை. அவர்கள் வீட்டாரும் "கேஸ்தான்னு நெனச்சோம்" என்றுதான் சொன்னார்கள்.

அவருக்கு இரண்டு காரணம் இருக்கலாம். 52 வயதில் இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். இத்தனை நாள் ஓடாமல் இருந்ததால் அது வெளியே தெரியாமல் இருந்திருக்கும். அல்லது கொரோனா சிலருக்கு இதயத் தசையில் ஏற்படுத்தும் அழற்சியாக இருக்கலாம். அழற்சி இருக்கும் இதயத்தோடு ஓடினால் துடிப்பின் ஒழுங்கு கெட்டு ஆள் அங்கேயே விழலாம். அது உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டம் கிடையாது. இரண்டில் எது என்பதை நீங்களும் நானும் கடிதத்தில் முடிவு செய்ய முடியாது. ஈ.சி.ஜி.யும், எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்து இதய மருத்துவர் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் அவரை விட்டுவிடக் கூடாது, ஓய்வில் அது பல நேரம் ஒன்றும் காட்டாது. அப்புறம், யாரோ சொன்னார்கள் என்று தானாக லேபுக்குப் போய் டிரெட்மில் பரிசோதனை எடுக்க வேண்டாம். அதை எடுக்கலாமா என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் குழுவில் எல்லோரிடமும் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: முன்பு சுலபமாக ஓடிய வேகத்தில் இப்போது நெஞ்சு இறுகுகிறதா, ஓடும்போது கண் இருட்டி மயக்கம் வந்ததா? ஆம் என்பவர் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓடக் கூடாது. ஓட்டத்துக்கு நடுவில் இறுகினால் மெதுவாக ஓடிப் பார்க்கிறேன் என்பதும் கூடாது, நின்றுவிட வேண்டும். நின்ற பிறகும் விடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறது என்றால் அந்த நிமிடமே 108.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடி கொட்டுவது காய்ச்சலின் பின்விளைவு. இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி, கொஞ்ச காலம் கொட்டிவிட்டு நிற்கும். எண்ணெய் மாற்ற வேண்டாம். நாடி 74 இயல்பானது, இருபது மாதம் ஓடாதவருக்கு 62 எப்படி இருக்கும்? 96-ம் இயல்புதான். நம் மாவட்டத்து மார்கழிக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் குறைத்தே காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். அதை வீட்டில் இருபது தடவை மாட்டிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். டி-டைமர் வேண்டவே வேண்டாம். நீண்ட தூரம் ஓடினாலே அது கூடும், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூக்கம் கெடும். ஆஸ்பிரினை மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்கள் நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் தொடக் கூடாது. நோயில்லாத முப்பது பேர் சேர்ந்து அதைப் போட்டுக்கொண்டால் யாராவது ஒருவருக்கு வயிற்றில் ரத்தம் கசியலாம், அவ்வளவுதான் பலன்.

தடுப்பூசிப் பயத்துக்கு இந்த வாட்ஸ்அப் செய்திகளே காரணம், எனக்கு இதில் கோபம் உண்டு. இதயத் தசை அழற்சி பற்றி வெளிநாட்டில் வந்த செய்தி ஃபைசர், மாடர்னா வகை எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளைப் பற்றியது. அங்கும் அரிதாக, பெரும்பாலும் இளைஞர்களுக்கு, பெரும்பாலும் லேசாக வந்து போனது. 2021-ல் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும், அவை அந்த வகை அல்ல. இதயத்துக்கு அதிகக் கெடுதல் செய்வது நோய்தான். ஊசி போட்ட பிறகு காய்ச்சல், உடம்பு வலி இருக்கும் ஓரிரு நாள் ஓடாதீர்கள். இரண்டு தவணையும் போடாதவர்கள் ஓட வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளட்டும்.

புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் போனது ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்கு வீட்டுச் சாவு மாதிரி. அதற்குப் பிறகு பெங்களூர் ஜெயதேவா மருத்துவமனையில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் குவிந்தது. உங்கள் வீட்டார் பயப்படுவது நியாயம். ஆனால் ஒழுங்காக ஓடுபவர்களுக்கு மாரடைப்பு குறைவு. வீட்டாரிடம் ஓட்டத்தை விடுகிறேன் என்று சொல்ல வேண்டாம், அண்ணனை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லுங்கள்.

ஓடலாமா என்றால், ஓடலாம். லண்டனில் 2004-ல் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்ற வாராந்திர 5 கிலோமீட்டர் ஓட்டமும் 2020 மார்ச்சில் நின்றதுதான். நியூசிலாந்தில் அந்த ஜூலையிலேயே திரும்பியது, இங்கிலாந்தில் 2021 ஜூலை 24 வரை காத்திருந்தார்கள். தொற்று எங்கே குறைவோ அங்கே முதலில். பெங்களூரில் 2021 டிசம்பர் 2-ல் ஒமைக்ரான் என்ற புதிய வகைக் கொரோனா தெரியவந்திருக்கிறது, உங்களில் பலர் தினமும் ஓசூர் தாண்டிப் போய் வருகிறீர்கள். கிருஷ்ணகிரியில் எண்ணிக்கை ஏறினால் ஜனவரியை மாற்றி மார்ச்சில் வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

திறந்த வெளியில் இடைவெளி விட்டு ஓடும்போது தொற்றுவது குறைவு. ஆபத்து ஓட்டத்தில் இல்லை, முன்னும் பின்னும் இருக்கிறது: ஒரே வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு பதினான்கு பேர் வருவது, தொடங்கும் கோட்டில் தோளோடு தோள் நிற்பது, ஒரே சொம்பில் தண்ணீர், முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவது. ஆகவே அவரவர் வண்டியில் வாருங்கள். ஐந்தைந்து பேராகக் கிளம்புங்கள். தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். நிற்கும்போது முகக்கவசம் வேண்டும், வேகமாக ஓடும்போது வேண்டாம் என்பதுதான் கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. காய்ச்சல், தொண்டை வலி இருப்பவர் அந்த வாரம் வரக் கூடாது, அவரை யாரும் கேலி செய்யவும் கூடாது.

முதல் ஞாயிறு மூன்று கிலோமீட்டர் போதும். நேரம் குறிக்க வேண்டாம், பதக்கம் வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். புதிதாகத் தொற்று வந்தவர்கள் அறிகுறி எல்லாம் போய் ஏழு நாள் கழித்து, முதல் இரண்டு வாரம் நடையும் மெல்லோட்டமுமாகவே இருக்கட்டும்.

யாராவது விழுந்தால் பழி என் மேல் வருமே என்பது கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதற்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆறேழு பேராவது நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது குறட்டை மாதிரி விட்டு விட்டு இழுக்கிறது என்றால் அந்த இழுப்பை மூச்சு என்று நம்பிவிடாதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். இந்தக் கொரோனா காலத்தில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், விழுந்தவர் முகத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு அழுத்துங்கள். பாதையையும் ஆம்புலன்ஸ் வர முடிகிற ரோட்டோரமாகவே வையுங்கள்.

அண்ணனை இந்த வாரமே கூட்டிப்போங்கள், ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவர் மேடும் ஏற வேண்டாம், தோட்டத்தில் மூட்டையும் தூக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மே மாதச் சீட்டையும், இப்போது போட்டுக்கொண்டிருக்கும் அந்த மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.