மார்கரெட் யார் வீட்டுப் பெண்? டியூடர் காலக் குடும்பத்தைத் தேடும் வழி

இங்கிலாந்தில் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கிராமத் தேவாலயம் ஒன்றில் 1570களைச் சேர்ந்த பித்தளை நினைவுத் தகடு இருக்கிறது. கணவரின் பெயர், ஊர், இறந்த நாள் எல்லாம் தெளிவாக உள்ளன. மனைவியைப் பற்றி 'அவர் மனைவி மார்கரெட்' என்பதோடு சரி. மேலே குடும்பச் சின்னம் பொறித்த ஒரு கேடயம். இவர் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் மார்கரெட்டின் உயிலிலிருந்து தொடங்காதீர்கள். டியூடர் அரசர்கள் ஆண்ட அந்தக் காலத்தில் மனைவியின் பொருட்கள் சட்டப்படி கணவருடையவை. அவர் சம்மதம் இல்லாமல் அவள் உயில் எழுத முடியாது. நிலத்தைப் பற்றி மனைவி எழுதும் உயில் செல்லாது என்று 1540களின் தொடக்கத்தில் வந்த சட்டமே சொல்லிவிட்டது. கணவருக்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்திருந்தால்தான் உயில் கிடைக்க நல்ல வாய்ப்பு. பங்குப் பதிவேடுகளையும் (ஊர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதிவைத்த ஏடுகள்) அதிகம் நம்ப முடியாது. அவை 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் ஆணையால் தொடங்கினாலும், பல ஊர்களில் எலிசபெத் அரசியான 1558-லிருந்துதான் மிஞ்சியிருக்கின்றன. இவர் கல்யாணம் அதற்கு முன்பே நடந்திருக்கலாம்.

அதனால் முதலில் கேடயம். நடுவில் நெடுக்காகக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தால், பார்ப்பவருக்கு இடப்பக்கம் கணவர் குடும்பச் சின்னம், வலப்பக்கம் மனைவியின் தகப்பனார் குடும்பச் சின்னம். எழுத்து மறைத்ததை அந்த வலப்பாதி சொல்லிவிடும். மார்கரெட் சகோதரர் இல்லாத வாரிசாக இருந்தால் இன்னும் நல்லது: பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் கேடயங்களிலும் தாய்வழிச் சின்னம் ஒரு கட்டமாகத் தொடர்ந்து வரும். அதே தேவாலயத்தில் அடுத்த தலைமுறையின் கல்லறைகளையும் பாருங்கள்.

சிக்கல் நிறத்தில் இருக்கிறது. பித்தளையில் பூசிய வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். ஒரே மாதிரி மூன்று சிங்கம் போட்ட குடும்பங்கள் பல உண்டு. நிறம்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். சின்னத்தின் வடிவத்தை வைத்துக் குடும்பத்தைத் தேடித் தரும் பாப்வொர்த்தின் பழைய அகராதி உங்களுக்கு ஒரு பெயரைத் தராது, சில பெயர்களைத் தரும். அதுவே போதும், ஏனென்றால் அடுத்த வேலை உயில்களுடையது.

அந்தக் குடும்பங்களில், கணவரின் ஊருக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்களை எடுத்துக்கொண்டு அவர்களின் உயில்களைத் தேடுங்கள். தகப்பனார், தாயார், சகோதரர்கள், முக்கியமாகப் பிள்ளையில்லாத அத்தைகளும் சித்தப்பாக்களும். தகப்பனார் உயிலில் கல்யாணமாகாத மகளுக்குச் சீதனத் தொகை என்று ஒரு வரியோடு முடிந்துவிடலாம். பிள்ளையில்லாத அத்தையோ மோதிரம் யாருக்கு, கவுன் யாருக்கு என்று உறவையே பட்டியல் போட்டுவிடுவார். வசதியான தென்னிங்கிலாந்துக் குடும்பங்களின் உயில்கள் பெரும்பாலும் கான்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவாகின. 1384 முதல் 1858 வரையிலானவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். சிறிய சொத்தென்றால் மாவட்ட ஆவணக் காப்பகங்கள். வடக்கென்றால் யார்க் பேராயரின் நீதிமன்றப் பதிவுகள்.

உறவுப் பெயர்களை இன்றைய பொருளில் படித்தால் வம்சமே தவறிப்போகும். அன்றைய உயிலில் 'சன்-இன்-லா' மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் கல்யாணத்து மகனாகவும் இருக்கலாம். 'கசின்' அண்ணன் மகனைக்கூடக் குறிக்கும். ஒரே உயிலை வைத்து உறவை முடிவு செய்யாதீர்கள்.

குடும்பச் சின்னங்களைக் கவனித்த அரச அதிகாரிகளான ஹெரால்டுகள் 1530 முதல் மாவட்டம் மாவட்டமாகப் போய், சின்னம் போடும் உரிமையைச் சரிபார்த்துத் தொகுத்த வம்சாவளிகள் அச்சிலும் உண்டு. துப்பு கொடுக்கும் இடமாக அவை அருமை, சாட்சியாக அல்ல. குடும்பத்தார் வாய்வழியே சொன்னதுதான் அதில் நிறைய. தூரத்துத் தலைமுறைகள் போகப்போக ஜோடனையும் கூடும். உயிலும் வம்சாவளியும் முரண்பட்டால் நான் உயில் பக்கம்தான் நிற்பேன்.

நினைவுச் சின்னங்களிலும் பொறிகள் உண்டு. எலிசபெத் அரசியின் நகைகளுக்குப் பொறுப்பாக இருந்த பிளான்ச் பாரி நல்ல உதாரணம். வெஸ்ட்மின்ஸ்டர் செயின்ட் மார்கரெட் தேவாலயத்துக் கல்வெட்டு அவரை ஹென்றி பாரியின் மகள் என்கிறது. ஆனால் அந்த ஹென்றி, ஹென்றி மைல்ஸ் என்றும் அறியப்பட்டவர். தகப்பன் பெயரே பெயரின் பின்பாதியாக வரும் வெல்ஷ் வழக்கம் அவர் குடும்பத்தில் இருந்தது. இறந்த நாள் 12 பிப்ரவரி 1589 என்கிறது கல்வெட்டு. அன்று இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்ததால் நம் கணக்கில் அது 1590. இது போதாதென்று, ஹெரிஃபர்ட்ஷரில் அவர் சொந்த ஊரான பேக்டன் தேவாலயத்தில் இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே அமைத்தார்கள். கல்லறை இருக்கும் இடத்தில்தான் உடல் இருக்கும், கல் வைத்த ஆண்டுதான் இறந்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

அடுத்த முறை போகும்போது கேடயத்தை நேராக நின்று படமெடுங்கள், எழுத்தை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டின் ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் சிறு உருவங்கள் இருந்தால் மகன் எத்தனை, மகள் எத்தனை என்று எண்ணுங்கள். பிற்பாடு உயிலோடு ஒப்பிட உதவும். அப்புறம், அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் இலவசமாகவே இணையத்தில் பயிற்சி தருகிறது. முதல் உயிலைத் திறப்பதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.