குழந்தையை அடித்ததாகப் புகார் வந்தால்: கேள்வி பதில்

பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழுவின் விசாரணைகளில் பெற்றோருக்காக ஆஜராகும் தருமபுரி வழக்கறிஞரிடம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் கேட்டவை.

பாலக்கோடு: மேடம், எட்டு மாசக் குழந்தையின் இடுப்பில் நீலத் திட்டு. யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டுவிட்டார்கள். நாங்கள் அடிக்கவே இல்லை.

பிறந்ததிலிருந்தே இருந்தால் பெரும்பாலும் பிறவித் திட்டுதான். டாக்டர்கள் மங்கோலியன் ஸ்பாட் என்பார்கள். நம் குழந்தைகளிடம் சர்வசாதாரணம். அடிபட்டுக் கன்றிய தடம் சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறையும், தொட்டால் வலிக்கும். பிறவித் திட்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், வலிக்காது. அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். முதல் மாதத்தில் குளிப்பாட்டும்போது போனில் எடுத்த படம் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். தேதியோடு அப்படி ஒரு படம் கிடைத்தால் பாதி வழக்கு முடிந்தது.

ஓசூர்: அஞ்சு மாசக் குழந்தைக்குத் தொடை எலும்பு முறிவு. எப்படி ஆனது என்று தெரியவில்லை. மருத்துவமனையில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்கும் காயப் பதிவு) போட்டுவிட்டார்கள். கட்டிலிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிடலாமா அக்கா?

வேண்டவே வேண்டாம். நிரபராதிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். பயத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதை எக்ஸ்ரேயோடு பொருந்தாது. அப்புறம் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

சந்தேகக் காயம் என்றால் போலீசுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனை நடைமுறை, அந்த டாக்டர்மேல் கோபப்படாதீர்கள். அவரிடமே கேளுங்கள்: எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் இருக்குமா, வைட்டமின் டி, கால்சியம் பார்த்தாயிற்றா, உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? குழந்தையின் வெள்ளைவிழி நீலம் பாய்ந்திருக்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது அடிக்கடி எலும்பு முறிந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். காரணமில்லாமல் கன்றினால் ரத்தம் உறைதல் பரிசோதனையும் கேட்க வேண்டும்.

அரூர்: புகார் கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?

சொல்லமாட்டார்கள். தேடி அலையாதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

காரிமங்கலம்: பெரிய டாக்டர்களும் தப்பு செய்வார்களா?

செய்திருக்கிறார்கள். 1987-ல் இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் உடல் அடையாளம் ஒன்றைப் பெரிதும் நம்பி 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் பிறகு வீடு திரும்பினார்கள். மறுவருடம் வந்த விசாரணை அறிக்கை ஒரே அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது என்றது.

பென்னாகரம்: வலிப்பு வந்ததால் பாட்டி வயிற்றில் சூடு வைத்தார். இது எங்கள் வைத்தியம். கொடுமை என்று எழுதிவிட்டார்கள். பொய்ப் புகார்தானே?

இல்லை. தழும்பு உண்மை, அந்தக் குழந்தை பட்ட வலியும் உண்மை. இதைப் பொய்ப் புகார் என்று என்னால் வாதாட முடியாது.

ஊத்தங்கரை: அப்போ பாசத்தில் வைத்த பாட்டியை ஜெயிலுக்கு அனுப்பணுமா? எங்களுக்கும் சின்ன வயதில் வைத்ததுதான்.

அப்படி நான் சொல்லவில்லை. தண்டிக்க வைத்ததா, நோய் தீர வைத்ததா என்பதைக் குழு நிச்சயம் பார்க்கும். நோக்கத்தை உள்ளபடி சொல்லுங்கள், வலிப்புக்கு மாத்திரை தொடங்கிய சீட்டைக் காட்டுங்கள். குழந்தையைத் தாயிடமே விட்டுத் தொடர்ந்து பார்வையிட உத்தரவிடவும் முடியும். ஆனால் "எங்களுக்கும் வைத்தார்கள்" என்று குழு முன் நின்றால் திரும்பவும் வைப்பீர்கள் என்றுதான் அர்த்தம். கொதிக்கும் டீ கொட்டியது என்று மாற்றிச் சொல்வது அதைவிட மோசம். நடக்காத கதை வேண்டாம்.

பென்னாகரம்: நகரத்துச் சட்டம் எங்கள் ஊருக்கு எதுக்கு மேடம்?

வலிப்பு உள்ள குழந்தைக்குச் சூடு வைத்துவிட்டுக் காத்திருந்தால் மருத்துவம் தாமதமாகும். எனக்கு அந்தக் குழந்தைதான் முக்கியம். சூடு பற்றி இத்துடன் போதும்.

தேன்கனிக்கோட்டை: பெண்ணுக்கு 18 ஆக ரெண்டு மாசம், கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

சரியாகத்தான் செய்தார்கள். சமூக நலத் துறையைப் பாருங்கள்.

மொரப்பூர்: விழுந்ததாகச் சொன்னால் தப்பா?

விழுந்திருந்தால் சொல்லுங்கள். ஓசூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம்: குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டார்கள். எத்தனை நாள்? என்ன செய்வது?

எடுத்துப்போன குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், முடிவுக்கு நாலு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. இறுதி உத்தரவில் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். உத்தரவு நகலைக் கேட்டு வாங்குங்கள், 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, எண் 15100. பார்க்க அனுமதித்த நாளில் தவறாமல் போங்கள். "இப்படிச் சொல்லு" என்று குழந்தைக்கு எதுவும் கற்றுக்கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள். தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் நகலெடுத்து நாளை காலையே ஆணைக்குழு அலுவலகத்துக்கு எடுத்துப்போங்கள்.