சொந்த ஊரில் மானுடவியல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குக் குடவாசல் பக்கத்துக் கிராமம். பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்து மானுடவியல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா, "எலும்பு தோண்டுற படிப்பா?" என்று கேட்டார். அத்தை, "மலைசாதி சனங்களப் பத்திப் படிக்கிறதாச்சே, பொம்பளப் புள்ள நீ எங்க போய்த் தங்குவ?" என்றார். எனக்கே சரியாக விளக்கத் தெரியவில்லை. இதில் என்னென்ன பிரிவுகள்? வயலும் வாய்க்காலும் மட்டுமே உள்ள எங்கள் ஊரில் ஆராய என்ன இருக்கிறது? சொந்த ஊரையே ஒருவர் ஆராயலாமா?

ம.

அன்புள்ள ம.,

அப்பா சொன்னதும் அத்தை சொன்னதும் இந்தத் துறைக்குள் வருபவைதான். மனிதனின் உடல், மண்ணில் விட்டுப்போன தடயம், மொழி, கூடி வாழும் முறை ஆகிய நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் காலத்தில் வேரூன்றியது. உடல்சார் மானுடவியல், தொல்லியல், மொழிசார் மானுடவியல், சமூகப் பண்பாட்டு மானுடவியல் என்று பாடத்திட்டத்தில் பார்ப்பீர்கள்.

முதல் பிரிவுக்கு நம் பக்கத்தில் மோசமான தொடக்கம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கருவிகளோடு போய் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. மூக்கின் அகலத்துக்கும் சாதிப் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்றே நம்பினார் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி. அந்த அபத்தம் ஒழிந்துவிட்டது. இன்று அந்தப் பிரிவு மரபணு, ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி என்று வேறு பாதையில் போகிறது.

தொல்லியலுக்கு இந்தியாவில் தனித் துறைகளே உண்டு. பூம்புகார் பக்கம் கீழையூரில் வெளிப்பட்ட செங்கல் படகுத்துறையைப் பார்த்திருப்பீர்கள். மொழிப் பிரிவுக்குக் கும்பகோணம் போதும்: சௌராஷ்டிரக் குடும்பங்களில் பாட்டி பேத்தியிடம் எந்த மொழியில் பேசுகிறார், பேத்தி எந்த மொழியில் பதில் சொல்கிறாள் என்று கவனித்தாலே ஒரு ஆய்வு தொடங்கிவிடும்.

உங்கள் கேள்வி நான்காவது பிரிவைத் தொடுகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் பசிபிக் கடலில் உள்ள டிரோப்ரியண்ட் தீவுகளில் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் நீண்ட நாள் தங்கி, அந்தத் தீவு மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டு, அன்றாடத்தைப் பார்த்து எழுதினார். களப்பணி என்றால் இப்படித்தான் என்றாகிவிட்டது. தொலைதூரத் தீவு, மலை, காடு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டதும் இதனால்தான். ஆனால் நீங்கள் ஒன்றுமில்லை என்று சொல்லும் அதே வயலையும் வாய்க்காலையும் தேடி இங்கிலாந்திலிருந்து கேத்லீன் கஃப் என்ற மானுடவியலாளர் வந்தார். 1951 முதல் 1953 வரை அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இரண்டு கிராமங்களை ஆராய்ந்தார்; 1976இல் திரும்பவும் வந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார். அடுத்து 1961–62இல் இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அதே மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கினார். நிலமும் சாதி உயர்வும் ஊர் அதிகாரமும் ஒரு காலத்தில் அக்ரகாரத்து மிராசுதார்களிடமே குவிந்திருந்ததையும், பின்னர் அவை மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோவதையும் அவர் காட்டினார்.

பெத்தேயின் நூலில் நான் அதிகம் மதிக்கும் இடம் முன்பகுதியில் வருகிறது. அவர் தங்கியது அக்ரகாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். அதனால் ஊரார் தன்னை அக்ரகாரத்து ஆளாகவே பார்த்தார்கள், சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். படிப்பவருக்கு இது மிகப் பெரிய உதவி. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தது என்று தெரிந்தால்தான் பார்த்ததற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று தெரியும்.

சொந்த ஊரை ஆராயலாமா என்றால், தாராளமாக. மானுடவியலாளர் ஏ. அய்யப்பன் கேரளத்து ஈழவர் சமூகத்தில் பிறந்து, அந்தச் சமூகத்தைப் பற்றியே 1944இல் நூல் வெளியிட்டார். ஆனால் உங்களுக்குத் திண்ணையைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. பிறந்தபோதே ஒரு தெரு, ஒரு சாதி, இன்னார் மகள் என்ற இடம் வந்துவிட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள்: வீடு எந்தத் தெருவில், நிலம் எவ்வளவு, அந்த நிலத்தில் யார் நடவு நட்டார்கள், அவர்களுக்கு உங்கள் வீட்டில் எந்த இடத்தில் சாப்பாடு போட்டார்கள்.

அடுத்து, கேட்கும் விதம். "நம்மூர்ல சாதி பாக்குறாங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்ற பதில்தான் வரும். அதைவிட, கடைசியாக நடந்த ஒரு சாவைப் பற்றி விசாரியுங்கள். சேதி சொல்ல யார் போனார்? பறை அடித்தது யார், அவருக்குக் கூலியை யார் எந்தக் கையால் கொடுத்தார்? சுடுகாடு எத்தனை, எந்தத் தெருவுக்கு எது? பாடை எந்த வழியாகப் போனது? டெல்டாவில் இந்த வழி சாதாரண விஷயமில்லை. பாதை இல்லாமல் விளைந்த வயலுக்குள் இறங்கிப் பிணத்தைத் தூக்கிப்போகும் சேரிகள் உண்டு. அந்த வயல் யாருடையது, மறித்தவர் யார், பேசித் தீர்த்தவர் யார் என்று தொடர்ந்து போனால் நிலம், சாதி, அதிகாரம் மூன்றும் அந்த ஒரு வரப்பிலேயே தெரிந்துவிடும்.

பொம்பளப் புள்ள என்று அத்தை கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அடுப்படிக்குள்ளும் நாற்றங்காலில் பெண்கள் பேசிக்கொள்ளும் இடத்துக்கும் ஆண் ஆய்வாளரால் எளிதில் போக முடியாது; நீங்கள் போகலாம். நடவுக்கூலி, சீட்டுப் பணம், சுயஉதவிக் குழுக் கடன், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள் என்பதெல்லாம் அங்கேதான் பேச்சில் வரும்.

படிப்பதற்கு இரண்டு இடங்கள் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல் துறை இருக்கிறது. சேர்க்கை விதிகளை அங்கேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதிருந்தே பழகுங்கள். கஃப் எழுதிய கும்பாபேட்டை, பெத்தேய் எழுதிய ஸ்ரீபுரம் இரண்டுமே புனைபெயர்கள். ஆராய்ந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். பேசியவர்கள் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னும் சிக்கல், நீங்களும் அங்கேயேதான் இருப்பீர்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே ஊருக்கும் ஆட்களுக்கும் வேறு பெயர் வைத்து எழுதுங்கள், அசல் பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். எனக்கு ஏதாவது எழுதி அனுப்புவதானாலும் மாற்றிய பெயரோடே அனுப்புங்கள்.